காசிம் நானாவின் காது

பட்டர்வொர்த்தில் என் மருமகன் ஒரு கார் பட்டறை நடத்துகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாலை வேளைகளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே வேலை செய்யும் மெக்கானிக்குகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, யாரோ கழித்துவிட்ட இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஐயா, கையைக் கடிக்காம இதுக்கு எப்படி பவர் ஏத்துறது? அந்தக் காலத்துல நீங்க நிறைய செஞ்சிருக்கீங்களாமே லா?"

சொல்கிறேன். முதலில் காரிலிருந்து எதையெல்லாம் கழற்றலாம் என்று பாருங்கள். பாரம் குறைந்தால் பவர் கூடிய மாதிரிதான், செலவே இல்லை. வால்வுகளை எடுத்து உட்காரும் இடத்தில் நன்றாகத் தேய்த்து உட்கார வையுங்கள். புகை வெளியேறும் பாதையை வழவழப்பாக்குங்கள். இவ்வளவு வரை வாய் தடையில்லாமல் ஓடும். அடுத்தது சிலிண்டர் ஹெட்டைச் சீவுவது. அங்கே வந்ததும் நின்றுவிடுவேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. வெட்கம்தான். இத்தனை வருஷம் கழித்தும் முகம் சூடாகிறது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தொழில் படித்தது பெரிய கதை இல்லை. பிறையில் ரயில் பட்டறையில் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஆற்றோரத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடையொன்றில் கொஞ்ச காலம். மோட்டார் கார்கள் பெருகியதும் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த லிம் தவுக்கேயின் பட்டறையில் சேர்ந்தேன். சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் குடும்பம் இருந்தது. அங்கே தலைமை ஃபிட்டராக இருந்தவர் காசிம் நானா.

நாகூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான, கட்டையான உருவம். உடம்பு முழுக்க எண்ணெய்க் கறை இருக்கும், தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியில் மட்டும் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. தொப்பியைத் தொடுவதற்கு முன் கையை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புப் போட்டு, விரல் விரலாகத் துடைப்பார். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தவுக்கேகூட அப்படித்தான்.

ஊருக்குள் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: காதுக்காரர். ஒரு கார் உள்ளே வந்தால் அவர் உடனே எதையும் கழற்ற மாட்டார். இன்ஜினை ஓடவிடச் சொல்லி, மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். யாராவது பேச வாயெடுத்தால் இடது கை ஆட்காட்டி விரல் மேலே எழும்பும். அவ்வளவுதான், பட்டறையே வாயைப் பொத்திக்கொள்ளும். பிறகு கண்ணைத் திறந்து, "மூணாவது சிலிண்டர். பேரிங் தளர்ந்துபோச்சு. இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம், அதுக்கு மேல வேணாம்" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அலோர் ஸ்டாரிலிருந்துகூட அவருக்காகக் கார் கொண்டுவருவார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பவர் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் பலர் வேலை போய், கப்பலேறும் அவசரத்தில் கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டும் பார்த்திராத ஆட்கள் கைக்கு அவை வந்தன. வாங்கிய பிறகு கையில் காசில்லை, வேகம் மட்டும் வேண்டும். புது உதிரிப் பாகம் வரவழைக்க வழியில்லாதவர்கள் நானாவிடம் வந்தார்கள். இருப்பதை வைத்துக் கூட்டித் தருவார் அவர்.

அப்படி வந்தவர்தான் ராஜமாணிக்கம். பட்டர்வொர்த்தில் லாரி வைத்து நடத்திய ஒரு குத்தகைக்காரரின் மகன். எங்களுக்குச் சின்ன முதலாளி. கர்வம் இல்லாத, சிரித்த முகம். பச்சை நிறத்தில் ஒரு இரண்டு சீட்டு கார் வாங்கியிருந்தார். பின்னால் மூடியைத் திறந்தால் இன்னும் ஒருவர் ஒண்டிக்கொள்ளலாம். ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் மகனோடு அவருக்குப் பந்தயம். பாலிக் பூலாவ் போகும் மலைச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், யார் முதலில் உச்சி வளைவை அடைவது என்று. அந்தச் சீனப் பையனின் கார் பெரியது, புதியது.

"நானா, அவன் கெரேத்தா முன்னால இது கொசு. எதாச்சும் பண்ணுங்க."

"கொசுதானே தம்பி ஆளைத் தூங்கவிடாம பண்ணுது" என்றார் நானா. சந்தே சிரித்தது.

வேலையை அவர் முறைப்படி ஆரம்பித்தோம். ஸ்பேர் சக்கரம், மழைக்கூரை, மட்கார்டு எல்லாம் கழற்றி ஓரமாக அடுக்கினோம். வால்வுகளைத் தேய்த்தோம். சைலன்சரின் உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை வெட்டி எடுத்தோம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கினோம். கடைசியாக ஹெட்.

இன்ஜினின் மேல்மூடிதான் ஹெட். அதன் அடிப்பக்கத்தை மெலிதாகச் சீவிவிட்டால் உள்ளே இடம் குறையும். பெட்ரோல் ஆவி இன்னும் நெருங்கி அமுங்கும், வெடிப்பு பலமாகும், பவர் கூடும். இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அளவு தப்பினால், நெருப்புப் பொறியின் ஒழுங்குக்கு அடங்காமல் ஆவி தாறுமாறாக வெடிக்கும். அதைத்தான் நாக் என்போம். அது பிஸ்டனைக் கொத்தித் தின்றுவிடும். வேகத்தில் பிஸ்டன் உருகி இன்ஜின் இறுகினால், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். மலை வளைவில் அது நடந்தால் கீழே பள்ளத்தாக்குதான்.

எவ்வளவு சீவலாம் என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை. நானாவின் காதுதான் கணக்கு. கொஞ்சம் சீவு, பூட்டு, மலையில் ஏற்று, கேள். சத்தம் வரவில்லையா, மறுபடி கழற்று, இன்னும் கொஞ்சம் சீவு. நாக் தொடங்கும்போது வரும் முதல் சத்தம் மிக மெல்லியது. தகர டப்பாவில் நாலு காச்சாங் கடலையைப் போட்டுக் குலுக்கியது மாதிரி, கிணுகிணுவென்று இருக்கும். அது கேட்ட இடத்திலிருந்து ஒரு படி பின்வாங்கினால் அந்த இன்ஜினுக்கு அதுதான் சரியான அளவு. அந்த முதல் கிணுகிணுப்பை நானா மற்ற எல்லாருக்கும் முன்னால் கேட்பார். அப்படித்தான் நான் பார்த்திருந்தேன்.

முதல் சீவலுக்குப் பிறகு மலைக்குப் போனோம். சின்ன முதலாளி ஓட்டினார், பக்கத்தில் நானா, பின்னால் நான் ஒண்டிக்கொண்டேன். கார் சுகமாக ஏறியது. "இன்னும் தாங்கும்" என்றார் நானா.

இரண்டாவது சீவலுக்குப் பிறகு, செங்குத்தான ஒரு வளைவில், எனக்குக் கேட்டது. கிணுகிணு. ஒரு நொடிதான். நானாவின் விரல் எழும்பும் என்று பார்த்தேன். எழும்பவில்லை. சரளைக் கல் மட்கார்டில் தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மட்கார்டைக் கழற்றி ஓரமாக வைத்ததே நான்தான் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போதும் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் காதைச் சந்தேகப்படுவது எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னும் ஒரு சீவல் தாங்கும், வேலு" என்றார். சீவினேன்.

மூன்றாவது முறை மலை ஏறியபோது சந்தேகத்துக்கே இடமில்லை. அடிவாரம் தாண்டியதுமே ஆரம்பித்தது. டப்பா நிறையக் கடலையைக் கொட்டி ஆட்டுவது போல் இருந்தது. சின்ன முதலாளியே திரும்பிப் பார்த்தார்.

"என்ன நானா சத்தம்?"

நானா அவருடைய வாயைப் பார்த்தார். "ஆங்?"

"சத்தம், சத்தம்!"

"வால்வு டப்பெட்டு தம்பி. புதுசாத் தேச்சிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். நீங்க ஏத்துங்க."

நான் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டேன். கையசைத்து அடக்கிவிட்டார். ரேடியேட்டர் ஆவி கக்கியதால் ஒரு வளைவில் நிறுத்தினோம். இன்ஜின் அணைந்ததும் காடு முழுவதும் சில்வண்டுகளின் இரைச்சல். மத்தியான வெயிலில் அவை ஒன்றாகச் சேர்ந்து கத்தினால், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் குரல் உயர்த்தித்தான் பேச வேண்டும். காதுக்குள் ரம்பம் போட்டு அறுப்பது மாதிரி இருந்தது. நானா இறங்கி, இடுப்பில் கை வைத்து மரங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா, வேலு. டவுன் சத்தத்துல இருந்து இருந்து புளிச்சுப்போச்சு."

சின்ன முதலாளி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பேசுகிறவர்களின் முகத்தைக் கொஞ்ச நாளாக உற்றுப் பார்ப்பது, எதற்கும் "ஆங்" என்பது, தான் மட்டும் உரக்கப் பேசுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மோட்டார் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் வாலிபம் முழுவதும் கப்பல் பாய்லர்களுக்குள் உட்கார்ந்து ரிவிட் அடித்தவர். இரும்புக் கூண்டுக்குள் அந்த அடி காதில் இடியாக விழும். அப்படி வேலை செய்தவர்களுக்கு மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும், தடித்த சத்தங்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கும் என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பேரிங் சத்தம் அவருக்குக் கேட்டது. கிணுகிணுப்பு அவர் உலகத்தில் இல்லாமலே போய்விட்டது.

ஒருவர் துணி மாற்றும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி நான் கூசிப்போனேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தனியாகச் சொல்ல ஒரு இடம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அந்தக் காரில் எங்கே தனிமை? பட்டறைக்குத் திரும்பினோம்.

அங்கே சின்ன முதலாளியின் கூட்டாளிகள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். அவர் குதித்து இறங்கி, எல்லாரும் கேட்கும்படி, "நானா, ஞாயித்துக்கிழமைக்கு ரெடிதானே?" என்றார்.

"ரெடி தம்பி. ஸ்டீயரிங்ல இருக்கிற லீவரை முழுசா முன்னால தள்ளிடுங்க. பயப்படாம மிதிங்க."

லீவரை முழுதும் தள்ளுவது என்றால் நெருப்புப் பொறியை இன்னும் முன்கூட்டி வரவழைப்பது. ஏற்கெனவே கொத்திக்கொண்டிருக்கும் பிஸ்டன் மலை உச்சியை எட்டாது. ஓட்டப்போவது கல்யாணம்கூட ஆகாத ஒரு பிள்ளை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வேணாம் சின்ன முதலாளி. இன்ஜின் நாக் ஆகுது. பிஸ்டன் போயிடும்."

நானா என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னே?"

அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. கூடியிருந்தவர்கள் கோபம் என்று நினைத்தார்கள். நான் இன்னும் உரக்க, "நாக் ஆகுது நானா" என்றேன்.

"எங்கே நாக்? எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டிருச்சா?"

தவுக்கே உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். பாரம் இழுக்காமல் நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் நாக் வராது. அது பூனை மாதிரி உறுமிக்கொண்டு சுத்தமாக ஓடியது. நானா எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தார். அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

தவுக்கே கெட்டவர் இல்லை. கொஞ்ச நாளாக அவருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். இன்ஜினைச் சோதிக்க வழியில்லாததால் மனிதரைச் சோதித்தார். சட்டைப்பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து முதலில் சின்ன முதலாளியின் காதருகே பிடித்தார். அவர் தலையாட்டினார். பிறகு என் காதருகே. டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. பிறகு நானாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

நானா சிரித்துக்கொண்டேதான் திரும்பினார்.

"போலே டெங்கார்?" தவுக்கே உரக்க மலாயில் கேட்டார். கேட்கிறதா என்று அர்த்தம். கடிகாரம் நானாவின் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"கேக்குது" என்றார் நானா.

தவுக்கே கையை எடுத்து, கடிகாரத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்.

"கேக்குது."

கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டு, வெறும் கையை நானாவின் காதருகே பிடித்துக் கேட்டார்.

"நல்லாக் கேக்குது தவுக்கே. டிக், டிக்" என்றார் நானா, தலையையும் தாளத்துக்கு ஆட்டி.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னொருவர். சின்ன முதலாளி "சீ, சும்மா இருங்கடா" என்றார். எனக்கு நானாவின் முதுகு மட்டும் தெரிந்தது. பனியன் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னால் அதையும் பார்க்க முடியாமல் அவர் குதிகால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடிப்பு விட்ட குதிகால்கள். அந்த நேரத்தில் மண்ணுக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. சொன்னது சரி என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் சரியாகச் சொன்னதற்காக ஒரு மனிதன் இப்படிக் கூனிக்குறுக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சுடா" என்றார் தவுக்கே, மெதுவாக. போதும்.

அது நானாவுக்குக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டிருந்தார். தவுக்கே போய் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். தவுக்கேயின் வெறும் கையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் முகம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மண்ணெண்ணெயில் கை கழுவினார். சோப்புப் போட்டார். தினமும் செய்வது போலவே விரல் விரலாகத் துடைத்தார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு நேரமும் யாரும் நகரவில்லை.

ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன்களின் தலை அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது. ஒன்றின் ஓரம் உருகவே ஆரம்பித்திருந்தது. தவுக்கே குனிந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "நாளையிலேருந்து நீதான் தலை" என்றார். சின்ன முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலு அண்ணே, என் உசிரைக் காப்பாத்தினீங்க" என்றார். அவர்கள் பாராட்டப் பாராட்ட எனக்கு உடம்பு எரிந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி பார்வதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நல்லதுதானே செஞ்சீங்க? பின்ன ஏன் சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள். நானா வீட்டுக்குப் போகலாமா என்று எழுந்தேன். போய் என்ன சொல்வது? செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நான் பட்டறை திறக்கப் போனபோது நானா வாசலில் குந்தியிருந்தார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கையில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம். கதவைத் திறந்ததும் உள்ளே போய் அதை மேஜைமேல் பிரித்தார். செப்புத் தகட்டில் கையாலேயே வெட்டிய ஒரு காஸ்கெட். இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு அது. சிலிண்டர் துளை, போல்ட் துளை எல்லாம் சுத்தமாக அரம் போட்டிருந்தது. நெருப்பில் பழுக்கவைத்துத் தண்ணீரில் முக்கி மிருதுவாக்கியும் கொண்டுவந்திருந்தார்.

"சீவின இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. பிஸ்டனைப் பழைய சாமான் கடையில தேடிப் புடி. ஹெட்டுக்கு அடியில பழைய காஸ்கெட்டோட இதையும் சேத்துப் போடு. எடுத்த ஒசரத்துல பாதி திரும்பி வந்துரும்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"மலைக்குப் போறப்ப முன் சீட்டுல நீ உக்காரு. நான் பின்னால இருக்கேன். கிணுகிணுப்பு வந்தா விரலைத் தூக்கு. நான் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளா நானா இப்படி?" என்றேன். அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"ரப்புக்குத்தான் தெரியும். மொதல்ல வீட்டுல பல்லி கத்துறது நின்னுபோச்சு. பல்லிதான் எங்கேயோ போயிருச்சுன்னு நெனச்சேன்."

இதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னபடியே செய்தோம். நான் முன்னால் உட்கார்ந்து விரலைத் தூக்கினேன். அவருடைய விரல் அது. எத்தனையோ வருஷம் பட்டறையை அடக்கிவைத்த அந்தச் சைகையை, அவர் கண்ணெதிரே, நான் காட்டிக்கொண்டு போனேன். அவர் பின்னாலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்து, லீவரை எவ்வளவு பின்னால் இழுக்க வேண்டும், பெட்ரோல் துளையை இன்னும் எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று சொன்னார். அவர் சொன்னது ஒன்றும் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலை வளைவில் நல்ல கூட்டம். சுரங்க முதலாளி மகனின் பெரிய கார் நேர்ச்சாலையில் முந்தியது, வளைவுகளில் தன் பாரத்தையே சுமக்க முடியாமல் திணறியது. பாரம் கழித்த எங்கள் பச்சைக் கார் ஒவ்வொரு வளைவிலும் நெருங்கி, கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து முன்னால் வந்துவிட்டது. சத்தம் சுத்தம். ஒரு கிணுகிணுப்பு இல்லை.

சின்ன முதலாளி இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் கையைத் தூக்கிப் பிடித்து, "இவருதான்! இவரு காதுதான்! நம்ம காதுக்காரரு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நானா நின்றிருந்தார். என்ன சொன்னார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலிருப்பவர்களின் கைகளைப் பார்த்தார். பிறகு அவரும் தட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நானா எங்கள் பட்டறையில் எனக்குக் கீழே வேலை செய்தார். அவராகவே தவுக்கேயிடம் கேட்டு மூலையில் இருந்த மேஜையை வாங்கிக்கொண்டார். வால்வு தேய்ப்பது, காஸ்கெட் வெட்டுவது, காது வேண்டாத வேலைகள். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. எனக்கு இன்னது செய் என்று அவரிடம் சொல்ல வாய் வராது. வேலையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். வெளியூர்க்காரர் யாராவது வந்து "காதுக்காரர் யாரு?" என்று கேட்டால், அந்த வாயசைவு அவருக்கு மனப்பாடம், பழக்கத்தில் பாதி எழுந்துவிடுவார். பிறகு என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உட்காருவார். அந்தப் பாதி எழுச்சியைப் பார்க்காமலிருக்க, வாசலில் புதுக் கார் சத்தம் கேட்டதுமே நான் ஓடிப்போய் நிற்கப் பழகினேன்.

அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அந்தச் சந்தில் அத்தனை பேர் நடுவில் அது அப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை என்று. ஒருநாள் மத்தியானம் துணிந்து அவர் மேஜையருகே போனேன். அப்போது அவர் காது இன்னும் மோசமாகியிருந்தது. வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிச்சிருங்க நானா" என்றேன்.

"ஆங்?"

"அன்னைக்கு நடந்ததுக்கு. மன்னிச்சிருங்க."

"என்ன வேலு?" அவர் உரக்கக் கேட்டார். பக்கத்தில் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

நான் இன்னும் குரலை உயர்த்தி, "மன்னிச்சிருங்க நானா!" என்றேன். பட்டறை முழுவதும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. தவுக்கேகூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நானா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேளாதவரிடம் மன்னிப்பைக்கூட ஊருக்குக் கேட்கும்படிதான் கேட்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டேன்.

"ஒண்ணுமில்ல. டீ வேணுமான்னு கேட்டேன்" என்றேன், அதே உரத்த குரலில். மற்றவர்கள் திரும்பி வேலையைப் பார்த்தார்கள்.

"வேணாம் வேலு. குடிச்சாச்சு" என்றார் நானா. குனிந்து வால்வை எடுத்துக்கொண்டார்.

அவர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீ என்று சொல்வதற்கும் மன்னிச்சிருங்க என்று சொல்வதற்கும் உதடு ஒரே மாதிரி அசையாது.